முதலில் அடைக்கும் விரல்

அந்த அக்காவை நினைத்தால் முகம் வருவதற்கு முன் வலதுகைச் சுண்டுவிரல் வந்துவிடுகிறது. ரப்பர் ஷீட் போடும் ஆசிட்டில் வெளிறி, நகத்தோரம் எப்போதும் கொஞ்சம் தோல் உரிந்திருக்கும் விரல். கம்ப்யூட்டரின் நீலத் திரையில் மஞ்சள் எழுத்து ஓடிய காலம் அது. அந்த விரல் வளைந்த அடைப்புக்குறி ஒன்றைத் திறக்கும். மறு நொடியே அதை அடைக்கும். கூடவே அரைப்புள்ளி வேண்டிய இடமென்றால் அதையும் வைத்துவிடும். உள்ளே ஒரு சொல்கூட இருக்காது. வெறும் கூடு. பிறகு அம்புச் சாவியைத் தட்டி மேலே ஏறி, திறந்ததற்கும் அடைத்ததற்கும் நடுவில் புகுந்துகொண்டு, அங்கிருந்துதான் எழுதத் தொடங்குவாள்.

நாங்களெல்லாம் மேலிருந்து கீழே எழுதிக்கொண்டே போவோம். கடைசியில் எத்தனை திறந்தோம், எத்தனை அடைத்தோம் என்று தெரியாமல் திரையை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணுவோம். நெய்யாற்றின்கரையிலிருந்து வரும் சார் பின்னால் வந்து நின்று, "ஆ பிராக்கெட் எவிடே?" என்று மலையாளத்தில் கேட்பார், அந்தக் குறி எங்கே என்று. அக்காவிடம் மட்டும் அவர் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை.

"தொறந்தா அப்பமே அடச்சிரணும் மக்கா. பிறகு உள்ள இருந்து வேல செய்யலாம்" என்பாள் என்னிடம்.

நல்ல பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். பழக்கங்களுக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கும் என்று யோசிக்கிற வயது இல்லை எனக்கு.

தொண்ணூறுகளின் பிற்பாதி. பாறசாலைச் சந்தைக்குப் பக்கத்தில், ரப்பர் ஷீட் எடுக்கும் கடையின் மாடியில் இருந்தது அந்த கம்ப்யூட்டர் சென்டர். செருப்பை வெளியே விட வேண்டும். கதவுக்குப் பச்சைத் திரை. ஏசிக் குளிர் வெளியே போய்விடக் கூடாது என்று சன்னல்களையெல்லாம் பலகை வைத்து ஆணியடித்திருந்தார்கள். ரயில் வருவது கேட்கும், தெரியாது. மழை கேட்கும், தெரியாது. கீழ்க்கடையின் ஷீட் வாசனை மட்டும் எந்த ஆணிக்கும் அடங்காமல் மேலே ஏறி வந்து எங்களோடு உட்கார்ந்து சி பிளஸ் பிளஸ் படித்தது.

மூன்று கம்ப்யூட்டர்கள். ஒன்றுக்கு இரண்டு பேர். எங்கள் நேரத்தில் வந்த ஆறு பேரில் பெண்கள் நாங்கள் இருவர்தான், அதனால் ஒரே பெஞ்சு. எனக்கு இருபத்திரண்டு வயது. டிகிரி முடித்து, கல்யாணமா வேலையா என்று வீட்டில் முடிவாகாமல் நடுவில் வைக்கப்பட்டிருந்தேன். அக்காவுக்கு முப்பத்து மூன்று. கணக்கு படித்தவள். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே நாலு பேர் வந்து நாலு காரணம் சொன்னார்கள். அப்பா இறந்து இரண்டு வருடம். அம்மாவோடு அண்ணன் வீட்டில் இருந்தாள். அவர்களுடைய கிறிஸ்தவச் சபையில் ஓய்வுநாள் பள்ளி எடுப்பாள், கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் சபையின் குடும்பப் பதிவேட்டைப் பெயர்த்து எழுதும் வேலையும் அவளிடம். யாரோ வெளிநாட்டிலிருந்து அனுப்பிய கம்ப்யூட்டர் ஒன்று சபை அலுவலக அறையில் துணி போர்த்திக் கிடந்தது. பதிவேட்டை அதில் ஏற்ற வேண்டும் என்று கமிட்டி தீர்மானித்தபோது, படித்துவர இவளை அனுப்பினார்கள். கோயில் காரியம் என்பதால் அண்ணன் மறுக்கவில்லை. மறுக்காததற்கு ஒரு வேலியும் போட்டார். மாலை நாலரைக்கு அவர் ஜீப் அம்பூரித் தோட்டத்திலிருந்து ஷீட்டோடு கீழ்க்கடைக்கு வரும். அதில் ஏறி வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

அவர் ஒருநாளும் மாடி ஏறியதில்லை. கீழிருந்து இரண்டு தடவை ஹார்ன் அடிப்பார். மூன்றாவது அடிக்கும்படி வைத்துக்கொள்ளக் கூடாது.

முதல் ஹார்னுக்கே அக்கா எழுந்துவிடுவாள். வரி பாதியில் நிற்கும், ஆனால் கூடு அடைந்திருக்கும். சேமிக்கும் சாவியைத் தட்டி, பேனாவுக்கு மூடி போட்டு, சோற்றுப் பாத்திரத்தின் மூடியை ஒருமுறை அழுத்திப் பார்த்து, குடையின் பொத்தானை மாட்டி, இரண்டாவது ஹார்ன் ஓய்வதற்குள் படியில் இருப்பாள். எந்த நொடியில் கூப்பிட்டாலும் எழுந்துபோக வேண்டியவள் எதையும் திறந்து வைக்க முடியாது. அந்த விரலின் அவசரம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் பிடிபட இரண்டு மாதம் ஆயிற்று.

கரண்ட் போனால் யூபிஎஸ் பெட்டி மூலையில் கூவும். ஐந்து நிமிடம் தாங்கும். அறையே பதறும், ஆளுக்கொரு பக்கம் விட்ட வரியைத் தேடும். அக்கா சேமித்துவிட்டு மடியில் கைவைத்து உட்கார்ந்திருப்பாள். பிறகு திரையும் அணைந்து, ஆணியடித்த சன்னல்களின் இருட்டு எங்கள்மேல் இறங்கும்.

"பயமா இருக்கா பிள்ளே? எனக்கு இது பழக்கமாக்கும்."

ஒரு தடவை இந்த இருட்டில்தான் சொன்னாள், தன் அறைக்கு உள்ளிருந்து போடும் கொண்டி இல்லை என்று. கதவைச் சாத்தலாம், யாரும் தள்ளலாம். அண்ணன் பிள்ளைகள் தள்ளும், மதினி தள்ளுவாள், கோழிகூடத் தள்ளும்.

சார் பாடம் எடுத்த முதல் வாரம் இன்னும் நினைவிருக்கிறது. கிளாஸ் என்பது வீட்டின் பிளான், ஆப்ஜெக்ட் என்பது அதை வைத்துக் கட்டிய வீடு, ஒரே பிளானில் நூறு வீடு கட்டலாம் என்று மலையாளமும் இங்கிலீஷுமாகச் சொன்னார். அக்கா கை தூக்கினாள். வீட்டுக்குள்ளே இருக்கிற ஆளுக்குத் தனியாகப் பிளான் உண்டா என்று கேட்டாள். சார் சிரித்தார். வேண்டுமென்றால் ஆளுக்கும் ஒரு கிளாஸ் எழுதலாமே என்றார். அக்கா அதை நோட்டில் எழுதி, கீழே கோடு போட்டு, மூடி வைத்தாள்.

அவள் புரோகிராம் பதிவேட்டைப் போலவே இருந்தது. வேறு எதைப் போல இருக்கும்? பதிவேட்டில் ஒரு பக்கம் ஒரு குடும்பம். உச்சியில் சிவப்பு மையில் குடும்பத் தலைவர் பெயர். அதன் கீழே கறுப்பு மையில் மனைவி, பிள்ளைகள். தலைவர் இறந்தால் அந்தப் பக்கத்தின் குறுக்கே இரண்டு கோடு விழும். மகன் பெயரில் வேறு பக்கம் இருக்கும், அல்லது புதிதாகப் பிறக்கும். மிச்சமிருப்பவர்களை அதன் அடியில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அக்காவும் அப்படியே எழுதினாள். குடும்பம் ஒரு கிளாஸ். தலைவர்தான் அதன் உயிர். மற்றவர்கள் அதன் வயிற்றுக்குள். தலைவர் இறந்த தேதியைப் போட்டால் அந்தக் குடும்பம் அழிந்து நினைவகத்தில் இடம் காலியாகும். சுத்தமான வேலை என்று சாரே பாராட்டினார். பட்டியலை அச்செடுக்கும் பகுதியை மட்டும் நான் எழுதினேன்.

சாருக்குத் தெரிந்த ஒரு கம்பெனி திருவனந்தபுரத்தில் இருந்தது. புரோகிராம் எழுத ஆள் எடுத்தார்கள். ஒருநாள் எங்கள் இருவரையும் கூட்டிப்போய்க் காட்டினார். அக்கா அண்ணனிடம் என்ன சொல்லிவிட்டு வந்தாள் என்று எனக்குத் தெரியாது. அங்கே சன்னல்கள் திறந்திருந்தன. சார் அக்காவின் புரோகிராமைப் பற்றிச் சொன்னதும், ஓடுகிற புரோகிராம் ஒன்றும், அது பயன்பாட்டில் இருக்கிறது என்று சபையின் கடிதம் ஒன்றும் கொண்டுவந்தால் போதும், எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். தங்குவதற்குப் பெண்கள் விடுதி இருந்தது. அதையும் எட்டிப் பார்த்தோம்.

திரும்பும் பஸ்ஸில் பாலராமபுரம் தாண்டும்வரை அக்கா சன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "ரூமுக்கச் சாவிய நம்ம கையிலயே தருவினுமாம்" என்றாள். நெய்யாற்றின்கரையில் மறுபடி அதையே சொன்னாள்.

அண்ணனிடம் கேட்டிருக்கிறாள். கமிட்டி கடிதம் கொடுத்தால் பார்க்கலாம் என்றாராம். அவர் வாயிலிருந்து வந்ததில் அதுதான் ஆகப் பெரிய சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து, அலுவலக அறையில் எல்லாரும் கூடினார்கள். போதகர், கமிட்டிக்காரர்கள் ஆறேழு பேர், அண்ணன். பின்பெஞ்சில் அக்காவின் அம்மை, வெள்ளைச் சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு. துணைக்கு நான். எங்கள் வீட்டுச் சாமிப் படங்களுக்கு நடுவிலிருந்து வந்தவளுக்கு அந்த அறையில் எங்கே நிற்பது என்று தெரியாமல் பிரிண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா ஒவ்வொரு குடும்பமாகத் திறந்து காட்டினாள். பேர் தேடினாள். பிறந்தநாள் பட்டியல் எடுத்தாள். பிரிண்டர் கறகறவென்று இழுத்து நான் எழுதிய வரிகளைத் துப்பியது. போதகருக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

அப்போது ஒரு கமிட்டிக்காரர், இறந்தவர்களை எப்படி ஏற்றுவது, அதையும் பார்ப்போம் என்றார். இவளுடைய அப்பாவின் பக்கமே இன்னும் பழையபடி கிடக்கிறது, அதையே செய்து காட்டலாமே என்றார். இரண்டு வருடமாகியும் அந்தப் பக்கத்தின் குறுக்கே கோடு போட அவள் கை வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

அக்கா தேதியைத் தட்டினாள். என்டர்.

திரை ஒருமுறை துடித்து வெறுமையானது. அப்படி ஒரு குடும்பம் இல்லை என்றது. சரிதான் என்று அம்மையின் பேரைத் தேடினாள். இல்லை. சற்று நின்று, தன் பேரைத் தட்டினாள். இல்லை.

கையால் எழுதிய காலத்தில் கோடு போடுகிறவர் மனசில் மிச்சப் பேர்கள் நிற்கும். அவரே கொண்டுபோய் அடுத்த பக்கத்தில் விடுவார். அந்த நடுவழி பதிவேட்டில் எங்கும் எழுதப்பட்டதில்லை, அதனால் புரோகிராமிலும் இல்லை. வீடு போனதும் வீட்டுக்குள் இருந்தவர்களும் போய்விட்டார்கள்.

பின்பெஞ்சிலிருந்து அம்மை கேட்டாள், "என்ன மக்களே, நான் அதுல இல்லியா?"

அறை சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. அவரவர் வீட்டு அம்மையிடம் சிரிக்கும் சிரிப்புதான். அண்ணன் சிரிக்கவில்லை. "அதுக்காக்கும் அன்னைக்கே சொன்னது, ரெண்டுபேரையும் எனக்க பக்கத்துல எழுதுன்னு" என்றார்.

அக்காவின் சுண்டுவிரல் சாவிமேல் அப்படியே நின்றது. முந்தின வாரம் சென்டரில் நானும் ஒரு பெயரைத் தேடிக் காணாமல், என் தட்டச்சுப் பிழை என்று விட்டிருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை.

அடுத்த பத்து நாள் அவள் எழுதியதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். நோட்டில் கோடு போட்டு வைத்த பழைய கேள்வியைத் திறந்தாள். ஆளுக்கு ஒரு கிளாஸ். பேர், பிறந்த நாள், ஞானஸ்நானம் எல்லாம் அந்த ஆளிடமே. குடும்பம் என்பது எந்த ஆளையும் வயிற்றில் வைத்துக்கொள்ளாது. இன்னார் இன்னாரோடு என்று சுட்டிக் காட்டும், அவ்வளவுதான்.

"ஆளு தனியா நிக்கட்டு மக்கா" என்றாள் திரையைப் பார்த்தபடி. "குடும்பம் ஒரு கயிறு. அறுந்தா கயிறு போவட்டு. ஆளு எதுக்குப் போணும்?"

அந்தப் பத்து நாளும் அவள் முகத்தில் கண்டதை நான் அதற்குப் பிறகு பல இடங்களில், பல பெண்களிடம் தேடியிருக்கிறேன். எழுத எழுத, குறிகளுக்கு நடுவே அவள் இருந்த கூடு அகலமாகிக்கொண்டே போனது. ஹார்ன் அடித்ததும் எழுந்தாள்தான். ஆனால் படியிறங்கும்போது உதடு அசைந்துகொண்டிருந்தது, அடுத்த வரியைச் சொல்லிக்கொண்டு.

இரண்டாவது தடவை, அதே அலுவலக அறையில், எல்லாம் ஓடியது. அப்பாவுக்கு இறந்த தேதி விழுந்தது. அம்மை இருந்தாள். அக்கா இருந்தாள். திரையில் இரண்டு பெயர், ஒன்றன்கீழ் ஒன்று, அடக்கமாக. மேலே தலைவர் என்ற கட்டம் காலியாக இருந்தது.

அந்தக் காலிக் கட்டத்தைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். தலைவர் இல்லாத பக்கத்தை எப்படி அச்சடிப்பது என்று ஒருவர் கேட்டார். அம்மை பேரைப் போடலாமே என்று நான் பிரிண்டர் பக்கத்திலிருந்து சொன்னது யார் காதிலும் விழவில்லை. போதகர் மெதுவாக, மகன் இருக்கையில் எதற்கு இந்தச் சங்கடம், அவர் பேரையே போட்டுவிட்டால் இன்றைக்கே கடிதம் தயார் பண்ணிவிடலாம் என்றார். அதில் அன்புதான் இருந்தது. எல்லாருடைய குரலிலும் அன்புதான் இருந்தது. ஒருவர்கூட அவளை அதட்டவில்லை.

அக்கா அம்மையைப் பார்த்தாள். அம்மை தரையைப் பார்த்தாள். ஒரு கடிதத்துக்கு ஒரு பேர். சாவி நம் கையில் இருக்கும் ஒரு அறைக்கு ஒரு பேர். அக்கா அந்தக் கட்டத்தில் அண்ணன் பேரைத் தட்டினாள். எழுத்துப் பிழையில்லாமல், முதலெழுத்தோடு.

கடிதம் தயாரானது. கையெழுத்தும் முத்திரையும் விழுந்தன. குடும்பத்தில் யாருக்கான காகிதத்தையும் தலைவர் கையில்தான் கொடுப்பது சபை வழக்கம். போதகர் அதை அண்ணனிடம் கொடுத்தார். அண்ணன் வாங்கி, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்து, பையின் பொத்தானைப் போட்டார்.

அடுத்த நாள் அக்கா சொன்ன வார்த்தைகள் குறைவு. கடிதம் அலமாரிக்குள் போய்ப் பூட்டியாகிவிட்டது. "அம்மைய யாரு பாக்கியது, நீ அங்க போயிருந்தான்னு கேக்குதாரு. நியாயம்தானே." அந்தக் கடைசி வார்த்தையை அவள் சொன்ன விதத்தில் கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. பெஞ்சில் என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, மூடி போட்ட பேனாவை மறுபடி மூடிப் பார்த்தாள்.

அந்த வாரம் சார் என்னைக் கூப்பிட்டார். கம்பெனியில் ஆள் வேண்டும், கடிதம் இல்லாவிட்டாலும் புரோகிராமைக் கொண்டுபோய் ஓட்டிக் காட்டு, கேட்டதைத் திருத்திக் காட்டத் தெரிந்தால் எடுத்துக்கொள்வார்கள் என்றார். என் வீட்டில் வேலைதான் என்று எப்படியோ முடிவாகியிருந்தது. அக்காவிடம் எப்படிக் கேட்பது என்று இரண்டு நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். மூன்றாம் நாள் அவளே ஃப்ளாப்பியை என் பக்கம் தள்ளினாள்.

"கொண்டு போ. ரெண்டுபேரும் சேந்து செஞ்சதுன்னு சொல்லு. பொய்யில்ல பாத்துக்க, பிரிண்ட் எடுக்கியது நீ எழுதினதுதானே."

"அக்கா..."

"அங்க போயி ஓட்டு. இங்க வச்சு ஓட்டிப் பாக்கண்டாம்."

ஹார்ன் அடித்தது. அன்று அவள் முதல் ஹார்னுக்கு எழவில்லை. இரண்டாவதற்கும் எழவில்லை. கீழே ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் ஃப்ளாப்பியின் இரும்பு மூடியை விரலால் இழுத்து இழுத்து விட்டேன். மூன்றாவது அடித்தபோது எழுந்து போனாள். குடையை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்ப் படியில் கொடுத்தேன். அதன் பொத்தான் மாட்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. இரண்டு கடிதம் எழுதினேன். வீட்டுக்கு வரும் கடிதங்கள் யார் கையில் போகும் என்று தோன்றியதும் மூன்றாவதை எழுதவில்லை. அம்மை போய்ச் சேர்ந்தாள், அக்கா அந்த வீட்டிலேயேதான் இருக்கிறாள் என்று வெகுகாலம் கழித்து யாரோ சொன்னார்கள். நான் ஊர் ஊராக, கண்ணாடிக் கட்டிடம் கட்டிடமாக, இருபத்தைந்து வருடம் இந்த வேலையைச் செய்தேன். பிளான்கள் எழுதினேன். வீடுகள் கட்டினேன். எங்கும் சன்னல் பக்கம்தான் இடம் கேட்பேன். கொடுத்தார்கள். உட்கார்ந்த பிறகும் ஏதோ ஒரு ஹார்னுக்குக் காது கொடுத்தபடியே இருந்தேன்.

அந்த நேர்முகத் தேர்வைச் சொல்லி முடித்துவிடுகிறேன். இரண்டு பேர் என் பின்னால் நிற்க, ஃப்ளாப்பியைப் போட்டு ஓட்டினேன். ஓடவில்லை. ஒரு அடைப்புக்குறி குறைகிறது என்று சொல்லி, கோப்பின் கடைசி வரியைக் காட்டியது. இயந்திரம் எப்போதும் கடைசி வரியைத்தான் காட்டும், குறை வேறெங்கோ இருக்கும். வேர்த்தது. பின்னால் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் மேலே ஏறினேன். அக்காவின் வரிகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல ஒழுங்காகத் தள்ளித் தள்ளி நின்றன, அதனால் தேட நேரமாகவில்லை. ஆள் என்ற கிளாஸின் முடிவில் குறி இல்லை. அதற்குப் பின்னால் வர வேண்டிய அரைப்புள்ளி மட்டும் ஒரு வரியில் தன்னந்தனியாக நின்றது.

சட்டென்று குறியைப் போட்டேன். ஓடியது. பின்னால் நின்றவர்கள் தலையாட்டினார்கள். இவளுக்குத் தெரிந்திருக்கிறது என்றார் ஒருவர். வேலை கிடைத்தது.

திரும்பும் பஸ் பாலராமபுரம் தாண்டும்போதுதான் உறைத்தது. அந்த விரல் அடைக்க மறக்காது. திறந்த நொடியே குறியையும் அரைப்புள்ளியையும் சேர்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே புகும். பத்து நாளும் அந்தப் புரோகிராம் என் கண்முன்னே ஓடியிருக்கிறது. அப்படியென்றால் கடைசியாக ஒருமுறை அதைத் திறந்து, ஆள் முடியும் இடத்துக்கு வந்து, குறியை மட்டும் அவளே எடுத்திருக்கிறாள். அவர்கள் முன்னால் நான் திருத்திக் காட்டட்டும் என்று விட்டாளா, நானும் போகாமல் அங்கேயே நிற்கட்டும் என்று விட்டாளா, இல்லை, இருந்த வீட்டில் முடியாததை ஒரு இடத்திலாவது செய்து பார்த்தாளா? அவள் வாழ்நாளில் திறந்துவிட்டு வந்தது அது ஒன்றுதான்.

அதை அடைத்தது நான்.